ஓரத்தில் இருந்த முக்கோணம்

பழைய ஃபிலிம் சேர்க்கிறவர்கள் கூட்டத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். ஒரு சுருளை அவள் கையில் கொடுத்தால், அது நிஜமா போலியா, எந்த வருஷத்துச் சரக்கு, எத்தனையாவது பிரதி என்று புட்டுப் புட்டு வைப்பாள். அவள் 'சரி' என்றால் சரி. அவள் உதட்டைப் பிதுக்கினால், பொக்கிஷம் கிடைத்ததாய் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த ஆள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அவர்கள் சேர்ப்பது சினிமா இல்லை, டி.வி. நிகழ்ச்சிகள். டி.வி. புதிதாக வந்த காலத்தில் நிலையத்துக்காரர்களுக்கு வீடியோ நாடா விலை யானை விலை. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடிந்ததும் அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்கள். நேற்று பாடியவன்மேல் இன்று செய்தி வாசிப்பவன் ஏறி உட்கார்ந்திருப்பான். வெளியூர் நிலையங்களுக்கு அனுப்ப மட்டும், டி.வி. திரைக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, ஓடுவதை அப்படியே ஃபிலிமில் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்ததில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. தப்பிப் பிழைத்தவை எங்கெங்கோ தகர டப்பாக்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுப்புகிறவர்கள்தான் இவர்கள்.

மற்றவர்கள் ஆசைக்குத் தேடினார்கள். அவள் தன் அக்காவைத் தேடினாள்.

அவளுடைய அப்பா அந்தக் காலத்தில் டி.வி.யில் கதை சொன்னவர். வாரம் ஒரு கதை. பிள்ளைகளெல்லாம் அவரைக் கதை மாமா என்பார்கள். அவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்து, கதை நிற்கும் இடத்திலெல்லாம் "அப்புறம்?" என்று கேட்கும். ஒரு கோடையில், வழக்கமாக வரும் பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அப்பா தன் மூத்த மகளையே கூட்டிப்போய் உட்காரவைத்தார். குடை விற்றவன் கதை. அக்காவுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்று செல்லப்பெயர். கறுப்பாய், சுறுசுறுப்பாய், சீண்டினால் கடிக்கக்கூடியவளாய் இருந்தாளாம். அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். தங்கைக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அக்கா என்றால் அவளுக்கு அலமாரியில் இருந்த ஒரே ஒரு புகைப்படம்தான். அதிலும் முகத்தில் பாதி வெயில்.

அந்த முகம் அசைந்து ஒரு தடவை பார்க்கவேண்டும். இந்த வேலைக்கே அவள் வந்தது அதற்காகத்தான். அம்மாவும் போன பிறகு அந்த ஆசை இன்னும் முற்றிப்போனது.

டப்பா அண்ணன்தான் போன் பண்ணினார். வீட்டில் மனிதர்கள் படுக்க இடமில்லாமல் ஃபிலிம் டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பவர் என்பதால் அந்தப் பெயர். கடல் தாண்டி, மூடிப்போன ஒரு நிலையத்தின் கிடங்கிலிருந்து மொத்தமாய் வாங்கிய சரக்கில், ஒரு டப்பாவின்மேல் 'குடை' என்று எழுதியிருந்ததாம்.

"உடனே கிளம்பி வா. ஓட்டிப் பார்க்கல, பிரிக்கல, மூடியத் திறந்து மோந்து மட்டும் பார்த்தேன். என் பொண்டாட்டி மேல சத்தியம்."

"அண்ணி மேல எத்தனை சத்தியம்தான் பண்ணுவீங்க?"

"அவ தாங்குவா. நீ வா."

அவள் போனபோது மேசையைத் துடைத்து, விளக்குப் பெட்டியைப் போட்டுவைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் அப்படித்தான் நாறும்.

"இந்த வீட்டுக்கு உங்க அண்ணி ஊறுகாய்க் கடைன்னு பேர் வெச்சிருக்கா," என்றார் அவர். "ஓடி வந்திருக்கே. உட்கார்ந்து ஒரு வாய் காபி குடி."

"அப்புறம் குடிக்கிறேன். நீங்க கொஞ்சம் வெளியே இருங்கண்ணே."

அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அவளுக்கென்று ஒரு விதி உண்டு. புதிதாய் வருகிறவர்களுக்கு அவளே அதைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: படத்தைப் பார்க்குமுன் ஓரத்தைப் பார். ஃபிலிமின் ஓரத்தில், துளைகளுக்குப் பக்கத்தில், செய்த கம்பெனி தன் குறிகளை இட்டிருக்கும். வட்டம், சதுரம், முக்கோணம். எந்த வருஷம் செய்தது என்று அது சொல்லிவிடும். படத்தை முதலில் பார்த்தால் மனசு அதன்மேல் விழுந்துவிடும். விழுந்த மனசு பிறகு ஓரத்தில் எதை வேண்டுமானாலும் படிக்கும். இதனால்தான் எத்தனையோ பெரிய சேகரிப்பாளர்கள் மண்ணைக் கவ்வினார்கள்.

கையுறையை மாட்டிக்கொண்டாள். சுருளின் நுனியைப் பிடித்து விளக்கின்மேல் நீட்டினாள். தலைப்பு போனது. குடையின் படம் போனது. பிறகு, கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு படச்சட்டத்தில், கதை மாமாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு சின்னப் பெண்.

அவ்வளவுதான். ஓரம், குறி, விதி எல்லாம் காற்றில் போயிற்று. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

வெள்ளை காலர் வைத்த கவுன். இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை. கால் தரைக்கு எட்டவில்லை. சட்டம் சட்டமாய் நகர்த்தியபோது, அந்தக் கால்களில் ஒன்று மட்டும் ஆடுவது தெரிந்தது. மற்றது சும்மா தொங்கியது. ஒற்றைக் கால் ஆட்டம். அவளுக்கு, மேசைக்கு அடியில் தான் தவழ்ந்துபோனதும், மேலிருந்து ஆடிவந்த ஒரு கால் நெற்றியில் இடித்ததும், இடித்த வலியில் தான் அழ, மேலிருந்து ஒரு முகம் தலைகீழாய்த் தொங்கிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் இவ்வளவு நாள் எங்கே இருந்தது? ஆழக் கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதுபோல், தண்ணீர் சிந்தச் சிந்த அது வந்தது.

இன்னொன்றும் கவனித்தாள். அப்பா அந்தக் குழந்தையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சட்டத்துக்குச் சட்டம், கதை சொல்லிக்கொண்டே, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பெண்ணை அல்லாமல் யாரை ஒருவர் இப்படிப் பார்ப்பார்?

அங்கேயே உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, கிடைச்சிட்டா."

"யாரும்மா?"

"அக்கா. குடைக் கதை. இப்ப என் கையில இருக்காப்பா. ரெட்டைச் சடை போட்டு..."

அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. அழுகிறாராக்கும் என்று நினைத்தாள். பிறகு, "நல்லா இருக்காளா?" என்று கேட்டார், ஏதோ வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல்.

"நல்லா இருக்காப்பா. நேர்ல கொண்டுவந்து காட்டுறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்துக்காக, வருஷத்தைச் சும்மா எழுதி முடித்துவிடலாம் என்று, ஓரத்தைப் பார்த்தாள்.

ஒரு பிரதியின் ஓரத்தில் இரண்டு விதக் குறிகள் இருக்கலாம். கறுப்பாய் இருப்பது அந்தப் பிரதியின் சொந்தக் குறி. வெளுப்பாய் இருப்பது, முதன்முதலில் படம் பிடித்த மூலச் சுருளின் குறி. பிரதி எடுக்கும்போது அதுவும் சேர்ந்து பதிந்துவிடும், தாயின் மச்சம் பிள்ளைக்கு வருவதுபோல். கறுப்புக் குறி பிந்தைய வருஷத்தைச் சொன்னது. பரவாயில்லை, பிரதியை எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அதற்குச் சற்றுத் தள்ளி, ஒரு வெளுத்த முக்கோணமும் சதுரமும் இருந்தன.

பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த குறிகளின் அட்டவணை அவளுக்கு மனப்பாடம்; ஆனாலும் எழுந்துபோய் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எனக்குக் கண்ணு சரியில்ல போலிருக்கு."

அவர் வந்து குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

"அக்கா எந்த வருஷம்மா தவறினது?"

சொன்னாள்.

அவர் காதைச் சொறிந்தார். மூலச் சுருள் அதற்கு அடுத்த வருஷத்துச் சரக்கு.

"குறி இருபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வருமேண்ணே," என்றாள் அவள். "முந்தின தடவையா இருந்தா?"

"அப்ப டி.வி.யே பொறக்கலையேம்மா."

"ஃபாக்டரியில தப்பா அடிச்சிருந்தா?"

"இதே கேள்விய நான் உன்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்? கெஞ்சியிருக்கேன். நீ என்ன சொல்லுவே?"

வழக்கமாய், 'ஃபாக்டரிக்காரனுக்கு உங்கமேல என்னண்ணே கோபம்?' என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அன்று டப்பா அண்ணனுக்கும் சிரிப்பு வரவில்லை. அவர், சுருள் என்ன ஆனாலும் பரவாயில்லை என்பதுபோல் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"திரும்பவும் செஞ்சிருக்காங்க," என்றார் மெதுவாய். "வேற பொண்ண வெச்சு. கவுன் ஸ்டுடியோவோட கவுனா இருக்கும்."

அவள் விளக்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ பெற்ற பிள்ளை அங்கே ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் மேசைக்கு அடியில் தன்னை இடித்த கால் யாருடையது? தலைகீழாய்த் தொங்கிச் சிரித்த முகம்? கிணற்றிலிருந்து வந்த வாளியை எட்டிப் பார்த்தாள். அதற்குள்ளும் இந்த முகம்தான் மிதந்தது.

சுருங்கிப்போன ஃபிலிமைப் புரொஜெக்டரில் ஓட்டினால் கிழிந்துவிடும் என்று, டப்பா அண்ணன் மெல்ல மெல்லக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு வட்டில் பதிந்து அவள் கையில் கொடுத்தார். "அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே. வயசான மனுஷன்," என்றார். அவளும் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். அவருக்காவது கிடைக்கட்டும். கண்ணும் மங்கிவிட்டது; ரெட்டைச் சடை, வெள்ளைக் காலர், அது போதும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனபோது அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பை வைத்தாள்.

"கிட்ட வந்து உட்காருங்கப்பா."

"இங்கேருந்தே தெரியுதும்மா."

"அக்காப்பா," என்றாள், அந்தச் சின்னப் பெண் திரையில் வந்ததும். குரல் பிசிறாமல் பார்த்துக்கொண்டாள்.

"ஆமா," என்றார் அப்பா. "அக்காதான்."

விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தபோது சத்தமில்லை. இப்போதுதான் குரல்களைக் கேட்டாள். இளம் வயது அப்பாவின் குரல் தேன் மாதிரி இருந்தது. குடை விற்கிற ஒருவன் மழையே பெய்யாத ஊருக்குப் போகிறான். "அப்புறம்?" என்றது அந்தக் குழந்தை, மணி அடித்தாற்போல். குடையை யாரும் வாங்கவில்லை. "அப்புறம்?" கொஞ்சமும் பிசகவில்லை. அவன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, எல்லாக் குடைகளையும் விரித்து வைக்கிறான். அங்கே அப்பா ஏதோ மறந்தவர்போல் நின்றார். பிறகு, "கேளு கட்டெறும்பு," என்றார்.

திரையில் இருந்த குழந்தை ஒரு கணம் விழித்தது. அது யார் பெயர் என்று அதற்குத் தெரியவில்லை. கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்தது. அங்கிருந்து சைகை வந்திருக்கவேண்டும், "அப்புறம்?" என்றது, சமர்த்தாய்.

"நிறுத்தும்மா," என்றார் அப்பா.

நிறுத்தினாள்.

"அது அக்கா இல்லப்பா."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"நீ போன் பண்ணப்பவே தெரியும். அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்." சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடித்துத் திருகிக்கொண்டே பேசினார். "முதல்ல எடுத்த ஃபிலிம் கழுவற இடத்துல பாழாப் போச்சு. நாடாவை அப்பவே அழிச்சுட்டாங்க. வெளியூருக்கு அனுப்பணும், இன்னொரு தடவை செய்யுங்கன்னு அடுத்த வருஷம் சொன்னாங்க. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். வேலை போயிடும். நீ சின்னப் பிள்ளை. உங்க அம்மா படுத்த படுக்கையா கிடந்தா. செஞ்சேன். அவகிட்டகூட சொல்லல."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல? எத்தனை வருஷம்! எந்தெந்தக் கிடங்குல எல்லாம் போய் எலிப் புழுக்கையில உட்கார்ந்திருக்கேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டதான வந்து சொன்னேன்!"

"சொல்லணும்னுதான் வாயைத் திறப்பேன். நீ வந்து, அங்க ஒரு இடம் இருக்காம்ப்பா, அங்க இருக்கலாம்ப்பான்னு கண்ணு மின்ன உட்காருவே. நீ தேடிட்டு இருக்கிற வரைக்கும், அவ எங்கேயோ ஒரு டப்பாவுக்குள்ள பத்திரமா உட்கார்ந்திருக்கான்னு எனக்கும் ஒரு இது. பொய்யின்னு தெரியும்மா. தெரிஞ்சேதான் கேட்டுட்டு இருந்தேன்."

"நான் அந்த முகத்தைப் பார்த்துட்டேன்," என்றாள் அவள். கோபத்தில் ஆரம்பித்தது நடுவில் உடைந்துபோயிற்று. "இனிமே அக்கான்னு நெனச்சா அந்தப் பொண்ணுதான் வருது. ஃபோட்டோவ எடுத்துப் பார்த்தேன். ஃபோட்டோ மேலயும் அதே முகம்தான் வந்து உட்காருது. இருந்த கொஞ்சத்தையும் நானே அழிச்சுட்டேன்ப்பா."

அப்பா எழுந்துவந்து அவள் தலைமேல் கை வைத்தார். அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. நீங்க சொல்லுங்க. நிஜமா அவ வந்த அன்னிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தது நீங்கதானே? எப்படி உட்கார்ந்திருந்தா? கையை எங்க வெச்சிருந்தா? சிரிச்சாளா, பயந்தாளா? நீங்க சொன்னா நான் பார்த்த மாதிரிதான். அது போதும் எனக்கு."

அவர் வாயைத் திறந்தார். எத்தனையோ ஊர்களையும் ராஜாக்களையும் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கிய வாய். நினைத்திருந்தால் அப்போதும் உண்டாக்கியிருக்கலாம்; அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் காத்திருந்தாள். அவர் மறுபடி வாயை மூடினார்.

"அது நேரலைம்மா," என்றார். "நேரலைன்னா லென்ஸைத்தான் பார்க்கணும். கண்ணு இந்தண்டை அந்தண்டை போனா, வீட்டுல பார்க்கிற பிள்ளைங்களுக்கு நம்மகிட்ட பேசலைன்னு ஆயிடும். அப்படித்தான் பழக்கியிருந்தாங்க. என் இடது பக்கத்துல அவ குரல் கேட்டுச்சு. முக்காலி கிறீச்சுன்னுச்சு. நான் திரும்பல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட. வீட்டுல தினம் பார்க்கிற முகம்தானேன்னு."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"அதான் ரெண்டாந் தடவை அந்தப் பொண்ணையே பார்த்துட்டிருந்தேன். கேமரா பக்கத்துல நின்னவரு இங்க பாருங்க, இங்க பாருங்கன்னு கையை ஆட்டுறாரு. என்னால முடியல." பிறகு, வேறு எதையோ தேடி எடுத்ததுபோல், "அந்தப் பொண்ணு எங்கேயாவது இருப்பா. பாவம், நல்ல பொண்ணு. விசாரிச்சு அவகிட்ட குடுக்கச் சொல்லு. அவ பேரன் பேத்தி பார்க்கட்டும்," என்றார்.

மாலையில் டப்பா அண்ணனே போன் பண்ணினார். அவள் சமையலறை வாசலில் நின்று பேசினாள்.

"நிஜம்தாண்ணே," என்றாள். "நிகழ்ச்சி நிஜம், பிரதி நிஜம். கூட இருக்கிற குழந்தை யாருன்னு தெரியலன்னு எழுதிக்குங்க. கண்டுபிடிக்கணும். முதல்ல எடுத்த ஃபிலிம் கழுவும்போதே பாழாப் போச்சாம்."

"சரிம்மா." அவர் தயங்கினார். கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாய் ஒரு பட்டியல் உண்டு. இன்னும் கிடைக்காதவை, எங்கே கண்டாலும் சொல்லுங்கள் என்று. வருஷத்துக்கு ஒரு தடவை உலகம் முழுக்க இருக்கிற சேகரிப்பாளர்களுக்கு அது போகும். குடைக் கதையை அவள்தான் அதில் எழுதச் சொன்னாள், சேர்ந்த முதல் வாரமே. "அந்த முதல் தடவை செஞ்சது... அதைப் பட்டியல்ல அப்படியே விட்டு வைக்கட்டுமா? உனக்காக விட்டு வைக்கிறேன். யாரு கேட்கப்போறா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஜன்னல் திரையை ஒதுக்கிவிடப் போனவர், கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்று, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்ண்ணே," என்றாள். "எடுத்துடுங்க."